செட்டிநாட்டுக் கண்மாய்களில் பறவை பார்க்க: வயதானவர்களோடு எங்கே, எப்போது?

கோட்டையூர்ப் பொண்ணு:

தை மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். மறுநாள் கையில் அரை நாள் இருக்கும். வழக்கம்போல அரண்மனை வீடு, ஆத்தங்குடிக் கல் என்று சுற்றாமல் பறவை பார்க்கப் போகலாமா என்று ஒரு யோசனை. காரணம் என் மகன். பெங்களூரில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, போனில் மெர்லின் செயலியை வைத்துக்கொண்டு எந்தக் குருவி கத்துகிறது என்று கண்டுபிடிப்பதே அவனுக்கு வேலை.

கூட வரும் இன்னொருவர் என் அப்பச்சி, அதாவது அப்பா. எழுபத்தைந்தைத் தாண்டியவர், முழங்கால் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் மாட்டார். அணைக்கட்டு என்று நம் பக்கம் ஒன்றும் இல்லை. வைகை அணைக்குத்தான் போக வேண்டுமா, கிட்டத்திலேயே ஏதாவது இருக்கிறதா? வேட்டங்குடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போனவர்கள் சொல்லுங்கள்.

மடையடி:

வைகை அணை எதற்கு ஆச்சி, வழியெல்லாம் கண்மாயை வைத்துக்கொண்டு? வேட்டங்குடிக்கே போங்கள். காரைக்குடியில் இருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர், அங்கிருந்து மேலூர் வழியாக மதுரை போகும் சாலை. மதுரையில் இருந்து வருபவர்களுக்கு 51 கிலோமீட்டர்.

சரணாலயம் என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று பாசனக் கண்மாய்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். 1977ல் சரணாலயமாக அறிவித்தார்கள். படகு கிடையாது, ஊஞ்சல் கிடையாது. பார்வைக் கோபுரம் உண்டு, அதை அப்பச்சிக்கு விட்டுவிடுங்கள். கரையில் நின்றாலே தண்ணீருக்குள் இருக்கும் கருவேல மரங்களில் கூடுகள் தெரியும்.

தையில் போனால் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கும். நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கில் நாலைந்து தினுசு. எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காக இருக்கும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஓரத்துச் சேற்றில் நிற்கும் ஒரு நத்தைகுத்தியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கச் சொல்லுங்கள். மூடிய அலகின் நடுவில் ஓர் இடைவெளி, அந்தப் பக்கத்து வெளிச்சம் அதன் வழியே தெரியும். தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். மேல் அலகால் தரையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்துச் சதையைத் துண்டித்து உருவும். தலையை ஒரு தரம் உதறி முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஓடு பெரும்பாலும் உடையாது. கரையோரத்தில் கிடக்கும் காலி ஓடுகளை எடுத்துப் பார்த்தால் முழுசாகவே இருக்கும். குஞ்சுகளுக்கு அலகில் அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கூட்டில் நிற்பது குஞ்சா பெரியதா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. இதெல்லாம் தண்ணீர் இருந்தால்தான். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருஷத்தில் வேட்டங்குடிக்குப் போனால் மாடு மேய்வதைப் பார்த்துவிட்டு வரலாம். சரணாலயம் என்று பலகை இருக்கிறதே என்பதற்காகப் பறவை வராது. இணையத்தில் ‘நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம்’ என்று எல்லாரும் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதி வைத்திருக்கிறார்கள். மாதத்தைப் பார்த்து என்ன செய்ய, ‘கலுங்கு போச்சா?’ என்று, அதாவது நிறைந்து உபரித் தண்ணீர் வழிந்ததா என்று கேளுங்கள். கண்மாய் பெருகி மறுகால் போயிருந்தால் தை முடியத் தண்ணீர் நிற்கும், பறவையும் நிற்கும். பாதிதான் பெருகியது என்றால் கூடு வைத்ததுகூடக் குஞ்சை விட்டுப் போகும்.

அப்புறம், வேட்டங்குடி ஒன்றுதான் இடமா? இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு கண்மாய் வரும். கூட்டமாகக் கூடு வைத்திருப்பதைப் பார்க்க வேட்டங்குடி, ஒத்துக்கொள்கிறேன். நடந்தபடி பார்க்க வேண்டும் என்றால் பேர் தெரியாத கண்மாய்க்கரைதான் என் கட்சி. கோட்டையூரிலேயே தொடங்கலாம். விடியற்காலை ஓர் ஊருணிப் படியில் உட்கார்ந்தாலே மீன்கொத்தியும் முக்குளிப்பானும் கண்ணில் படும்.

எட்டுக்கு நாற்பத்திரண்டு:

இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், நடக்க முடியாதவர்களுக்கு இது முக்கியம்.

நம் பக்கம் தரை வடமேற்கில் இருந்து தென்கிழக்காகச் சரிகிறது. மேற்கில் இருந்து வரும் தண்ணீரை மறித்துக் கட்டியதால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். அதாவது காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் முழுக்கப் பறவைமேல். கண் கூசாது, நிறம் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கறுப்பு உருவம்தான், கொக்கா நாரையா என்றே சண்டை வரும். ஆறரையில் இருந்து ஒன்பது வரை போதும். வெயில் ஏறினால் பறவையும் சோம்பிவிடும், அப்பச்சியும் களைத்துவிடுவார்.

இன்னொரு வசதி, கரைக்கு இரண்டு பக்கமும் வேடிக்கை உண்டு. உள்வாய்ப் பக்கம் தண்ணீர்ப் பறவை. திரும்பி நின்றால் கீழே வயல், அங்கே வேறு உலகம்: மடையான், உண்ணிக்கொக்கு, ஆள்காட்டி, கம்பியில் பனங்காடை, கரிச்சான், பஞ்சுருட்டான். தையில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் பின்னாலேயே கொக்குக் கூட்டம் ஓடும். மடையில் இருந்து கலுங்குவரை மேடு பள்ளம் இல்லாமல் நடக்கலாம், முடியாவிட்டால் மடைக்கட்டையிலேயே உட்கார்ந்துவிடலாம். ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்காருபவருக்குத்தான், நடந்துகொண்டே இருப்பவரைவிட அதிகம் தெரியும். உங்கள் அப்பச்சி மகனைத் தோற்கடித்தாலும் ஆச்சரியமில்லை.

சும்மா வந்தவன்:

வேட்டங்குடிக்கு ஆஸ்திரேலியாவில் இருந்தும் சைபீரியாவில் இருந்தும் பறவைகள் குஞ்சு பொரிக்க வருவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்களே, உண்மையா? அப்புறம், அங்கே ட்ரோன் பறக்கவிட அனுமதி உண்டா? கூடுகளை மேலிருந்து எடுத்தால் வீடியோ அள்ளும்.

எட்டுக்கு நாற்பத்திரண்டு:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், இரண்டாவதற்கு ஊர்க்காரர்கள் வருவார்கள்.

பேப்பரில் வருஷா வருஷம் அப்படித்தான் போடுகிறார்கள். இரண்டு கூட்டத்தைப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை. அங்கே மரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். எங்கே தண்ணீரும் இரையும் இருக்கிறதோ அங்கே போய்க் கூடு வைக்கும். இந்த வருஷம் இங்கே மழை இல்லை என்றால் வேறு மாவட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

நிஜமாகவே வெகு தூரத்தில் இருந்து வருபவை வேறு. நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள், வாலாட்டி, தகைவிலான், சேற்றுப் பூனைப்பருந்து. மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் இருந்து குளிருக்குத் தப்பி வருகின்றன. இவை இங்கே முட்டையே இடாது. தின்று கொழுத்துப் பங்குனி வாக்கில் திரும்பிப் போய், அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஆக ‘வெளிநாட்டில் இருந்து குஞ்சு பொரிக்க வரும் பறவை’ என்று ஒன்று நம் கண்மாயில் இல்லை. உள்ளூர்ப் பறவை என்றால் மதிப்புக் குறைவு என்று நினைத்து எழுதுகிறார்களோ என்னவோ.

கொள்ளுகுடி மாப்பிள்ளை:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். தம்பி, வேண்டாம். அது சரணாலயம், வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் ட்ரோனை மேலே ஏற்றினால் வன உயிரினச் சட்டப்படி வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள். மேலே ஒரு சத்தம் கேட்டால் தாய்ப்பறவை மொத்தமும் எழும்பிவிடும். அந்த இரண்டு நிமிஷத்துக்காகக் காக்கை அங்கேயே காத்திருக்கிறது. முட்டையும் போகும், கண் திறக்காத குஞ்சும் போகும். உச்சி வெயிலில் தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்காவிட்டால் குஞ்சு வெந்தே சாகும்.

கொள்ளுகுடிப்பட்டி நான் பெண் எடுத்த ஊர். தீபாவளி ஐப்பசியில் வருகிறது, பறவை வந்து மரம் பிடிக்கும் சமயமும் அதுதான். அதனால் இங்கே வேட்டு கிடையாது. கல்யாணம், கோயில் விசேஷத்துக்கும் வெடியோ பெரிய மேளச்சத்தமோ இல்லை. தலை தீபாவளிக்கு நான் மதுரையில் இருந்து வாங்கிப் போன பட்டாசுப் பெட்டியை மாமனார் பிரிக்கவே விடவில்லை. ‘மாப்பிள்ளை, உங்க ஊர்லயே போய் வெடிங்க’ என்று சிரித்துக்கொண்டே பரணில் வைத்துவிட்டார். வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கிறது, பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. ஊரே இப்படி இருக்கும்போது வெளியில் இருந்து வருபவர்கள் மரத்துக்கு நேராக வண்டியை நிறுத்தி, பறவை எழும்பினால் படம் நன்றாக வரும் என்று ஹாரன் அடிப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தேவகோட்டை ரஸ்தா:

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மாப்பிள்ளை. ஊர் விட்டுக்கொடுத்தது சரி, ஊருக்குத் திரும்பி என்ன வந்தது? வருஷத்துக்கு ஒரு நாள் இனிப்பும், பேப்பரில் ஒரு செய்தியும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வருகிறவர்கள் போடும் சிப்ஸ் பாக்கெட் கண்மாயில் மிதக்கிறது. வருகிறவர்கள் அந்த ஊர்க் கடையில் ஒரு டீயாவது குடிக்கிறார்களா?

ஆயக்கட்டு:

இந்த விவாதத்தில் விவசாயி யாரும் பேசவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொரு கண்மாயின் கீழ் நிலம், கொஞ்சம்தான்.

பறவையால் வரவும் உண்டு, செலவும் உண்டு. மரத்தடித் தண்ணீரில் விழும் எச்சம் அப்படியே மடை வழியாக வயலுக்கு வருகிறது, உரச் செலவு குறையும். நத்தைகுத்தியும் கொக்கும் நத்தை, நண்டு, பூச்சியைப் பொறுக்குகின்றன. நண்டு வளை போட்டால் வரப்பு நிற்காது, அது விவசாயிக்குத்தான் தெரியும். ஆனால் நீலத் தாழைக்கோழி கூட்டமாக இறங்கினால் பயிரை மிதித்துக் குருத்தைக் கடித்துப் போட்டுவிடும். மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பார்க்க அழகு, கதிர் பிடித்த வயலில் நின்று பாருங்கள், வயிறு எரியும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு நீர்க்காகத்தைக் கண்டாலே ஆகாது. போட்ட குஞ்சு மீனில் பங்குக்கு வந்துவிடும் என்று ஆள் வைத்துத் தகரம் தட்டுவார். அதுவும் அவர் காசு, முழுக்கக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கண்மாயில் பறவை குறைந்ததற்கு வெடி காரணம் இல்லை. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது, வரத்துக்கால் தூர்ந்துபோனது. தண்ணீரே நாலில் ஒரு பங்குதான் நிற்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம் என்று இயந்திரத்தை விட்டவர்கள் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்தே வழித்துவிட்டார்கள். கூடு கட்ட ஏற்ற மரம் அதுதான். தண்ணீரில் நின்றாலும் அழுகாது, முள் இருப்பதால் பூனையும் ஏறாது. ஏலத்தில் மரம் போனது, மறுவருஷம் கொக்குக் கூட்டமும் போனது. சரணாலயப் பலகை இல்லாத கண்மாய்க்கு இதைக் கேட்க ஆள் இல்லை.

மடையடி:

அண்ணே சொன்னதுதான் கணக்கு. பாசனம் நடக்கிற கண்மாயில்தான் மடை, கரை, வரத்துக்கால் எல்லாவற்றையும் யாராவது கவனிப்பார்கள், தண்ணீர் நிற்கும். விவசாயம் விட்டுப்போன ஊரில் கண்மாயும் போகும், பிறகு பைனாகுலர் வைத்து எதைப் பார்ப்பது?

கோட்டையூர்ப் பொண்ணு:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. திருப்பத்தூரில் சின்னம்மா வீடு இருக்கிறது, ‘கலுங்கு போச்சா’ என்று இன்றே கேட்கச் சொல்லிவிட்டேன். இன்னும் சில சின்னச் சந்தேகங்கள். அங்கே கழிப்பறை, சாப்பாடு எப்படி? மகனுக்குப் பைனாகுலர் வாங்கலாமா, எது? மெர்லின் அங்கே உதவுமா? அரை நாளை எப்படிப் பிரிப்பது?

மடையடி:

ஐந்தரைக்குக் காரைக்குடியில் கிளம்புங்கள். பனி இருக்கும், அப்பச்சிக்குக் காதை மூட மப்ளர். கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம், சின்னம்மா வீட்டில் நிறுத்தி ஒரு காபியும் குடித்துவிட்டுப் போனால் கவலையில்லை. பெரிய கொள்ளுகுடிப்பட்டிக் கரையில் ஒன்பது மணிவரை இருங்கள். மடக்கு நாற்காலி ஒன்று காரில் போட்டுக்கொள்ளுங்கள், அது ரொம்ப முக்கியம். சாப்பாடு திருப்பத்தூரில் பார்த்துக்கொள்ளலாம். ரஸ்தா கேட்டாரே, டீயை மட்டும் ஊர்க் கடையில் குடியுங்கள்.

திரும்பும்போது பிள்ளையார்பட்டி. மதியத்துக்கு மேல் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்குள் போய்விடுங்கள். மலையடிவாரக் கோயில் என்பதால் அப்பச்சிக்கும் சிரமம் இல்லை. குன்றக்குடி படியேற்றம், அவரைக் கீழே நிறுத்திவிட்டு மற்றவர்கள் போகலாம். நேரம் மிச்சம் இருந்தால் வழியில் தண்ணீர் பளபளக்கும் ஏதாவது ஒரு கண்மாயில் நிறுத்துங்கள், ரஸ்தாவுக்கும் மனது ஆறும்.

எட்டுக்கு நாற்பத்திரண்டு:

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பையனுக்கு எட்டே போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் சின்னக் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். கனமாகத் தெரிந்தால் 8×32. ஆன்லைனில் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று மலிவாகப் போட்டிருப்பதைத் தொடவே வேண்டாம்.

மெர்லின் கூட்டுமரத்தடியில் அதிகம் உதவாது. எல்லாம் ஒன்றாகக் கத்தும். வளர்ந்த நத்தைகுத்தி பெரும்பாலும் குரல் எழுப்பாது, அலகை அலகோடு தட்டும் சத்தம்தான். வயல் பக்கம் திரும்பினால் செயலி வேலை செய்யும். ஆனால் செயலியில் இருக்கும் குரலை அங்கே ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கல்யாணம் பொங்கலை ஒட்டி என்றால் இன்னொரு வாய்ப்பு. 2015ல் இருந்து பொங்கல் நாலு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும், யாரும் சேரலாம். கோட்டையூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். பையன் எண்ணட்டும், அப்பச்சி எழுதட்டும்.

சும்மா வந்தவன்:

ட்ரோன் திட்டத்தைக் கைவிட்டாச்சு. திட்டாமல் சொன்னதற்கு நன்றி. சாயங்காலம் மட்டும்தான் வர முடியும் என்றால் பயனே இல்லையா?

கொள்ளுகுடி மாப்பிள்ளை:

தாராளமாக வாருங்கள் தம்பி. நிறம்தான் தெரியாது, போக்குவரத்து தெரியும். ஐந்தரைக்கு மேல் இரை தேடப் போன கொக்கும் நாரையும் வரிசை வரிசையாக வந்து மரத்தில் இறங்கும், இடத்துக்குச் சண்டை நடக்கும். அவை அடங்கும் நேரத்தில் பகல் முழுக்கத் தூங்கிய வக்கா ‘வக், வக்’ என்று கிளம்பும். பகல் ஷிப்டு முடிந்து இரவு ஷிப்டு தொடங்குகிற மாதிரி. இருட்டுவதற்குள் கரையை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஆயக்கட்டு:

ஆமாம், இருட்டில் கரையில் நடக்க வேண்டாம், விரியன் கிடக்கும். காலையிலும் பனிப்புல்லில் காலை வைக்குமுன் பார்த்து வையுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். பனை, கருவேல மரத்தில் கதண்டுக் குளவிக் கூடு இருந்தால் அந்தப் பக்கம் சத்தம் போடாமல் விலகிப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. தையில் அறுவடைச் சமயம், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். காரை அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். மடை முன்னாலும் களத்துக்குப் போகும் பாதையிலும் வண்டியை நிறுத்தினால் டிராக்டர் போக முடியாது. கண்மாய்க்குக் கொஞ்சம் முன்பே, ரோட்டோரம் அகலமாக இருக்கும் இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அப்பச்சியை மட்டும் கரைவரை கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி எடுத்துப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.